திறந்தே கிடந்த இலை

மஸ்ஜித் இந்தியாவின் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறும் கை எங்கே போயிற்று?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை மாலை, கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலேறிப் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, இரவுச் சந்தையின் நெரிசலில் பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு நடந்து, மஸ்ஜித் இந்தியா சாலையில் நான்கு துணிக்கடைகளின் படியேறி இறங்கி, கடைசியில் முதற்கடையில் பார்த்த மயில்கழுத்து நிறச் சேலையையே வாங்கித் திருப்தியடைந்த என் சின்னம்மா, ஏழரை மணிக்கு, "இனிமே ஒரு வாய் சோறு உள்ள போனாத்தான் காலு நடக்கும்" என்றார். கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து, செம்பனைக் காட்டிலே உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய அவருக்கு வயது எழுபத்து நான்கு. வருஷத்தில் ஒரு நாள், தீபாவளித் துணி எடுக்கும் அந்த நாளில் மட்டும், வெளியிலே அமர்ந்து பிறர் பரிமாற வாழை இலையில் சாப்பிடுவதை அவர் ஒரு விசேஷமாகவே கருதி வருகிறார். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் பரிமாறுகிறவர் அவர்தான்.

நாங்கள் ஐவரும் நுழைந்த கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்று அங்கே நிகழ்ந்தது அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதென்று நான் நம்பவில்லை. முன்னே சாப்பிட்டவர்களின் எச்சில் இலைகள் மேசையிலேயே இருந்தன. நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடையில் நாற்காலியை இழுத்து உட்காருமுன்னே காதில் விழ வேண்டிய "என்ன தண்ணி?" என்ற கேள்வி இருபது நிமிஷமாகியும் வரவில்லை. மேசையின் மூலையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டங்களைக் கைப்பேசியால் படமெடுத்தால்தான் ஆர்டர் போகும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்ல, என் மகள் அதைச் செய்தாள். சின்னம்மாவோ, தம் சாப்பாட்டை ஒரு மனிதரிடம் சொல்ல முடியாத சங்கடத்தோடு, சமையற்கட்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இலை வந்தது. நுனி வலப்பக்கம் இருக்கும்படி போடப்பட்ட இலை. சின்னம்மா ஒன்றும் பேசாமல், தம் இலையையும் பிள்ளைகளின் இலைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, நுனி இடப்பக்கம் வரும்படி வைத்தார். காய்கறிக்கு முன்னே சோறு விழுந்தது. கூட்டு ஒன்று, முட்டைக்கோஸ் ஒன்று. அப்பளம் மூன்று பேருக்கு மட்டும். நீரிழிவு மாத்திரையை ரயிலடியிலேயே போட்டுக்கொண்டிருந்த சின்னம்மாவுக்கு அதற்குள் கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்ததால், வெறுஞ்சோற்றை ஊறுகாயோடு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். ரசம் கேட்டார், கேட்ட பையனுக்குத் தமிழ் தெரியவில்லை. மறுபடி கேட்டார், மோர் வந்தது. மூன்றாம் முறை என் மனைவி மலாயில் விளக்கிச் சொன்னபோது, "ஹபிஸ்" என்று சொல்லிவிட்டுப் பையன் ஓடினான். அவன் தீர்ந்துவிட்டது என்று சொன்ன ரசம் சற்று நேரத்தில் பக்கத்து மேசைக்குப் போயிற்று.

சாப்பாடு மனத்துக்கு நிறைவாயிருந்தால் இலையைத் தன் பக்கமாக மடிப்பதும், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பதும் அவர் தாயாரிடம் கற்ற சம்பிரதாயம். நிறைவு என்று சொல்ல மனம் வரவில்லை. பண்டிகைத் துணி எடுத்த நாளில் துக்கத்தின் குறியைச் செய்யவும் கை வரவில்லை. இலையின் விளிம்பைத் தொட்ட விரல்களை எடுத்துக்கொண்டு, மடிக்காமலே எழுந்தார். அவர் இலையை மூடாமல் எழுந்ததை நான் என் ஆயுளில் அன்றுதான் கண்டேன். பில்லில், சாப்பாட்டு விலைக்குக் கீழே, சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து என்று ஒரு வரி அச்சாகியிருந்தது.

பையனின் கைகள்

கல்லாவை நோக்கி நான் சினத்தோடு நடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வழியில் அந்தப் பையன் எங்கள் மேசையைத் துடைக்க வந்தான். துணியைப் பிழிந்த அவன் விரல்களைப் பார்த்தேன்: நுனிகள் வெளுத்து, தோல் சுருங்கி, நகக்கண்கள் ஊறிப் போயிருந்தன. பல மணி நேரம் சவர்க்கார நீரில் கிடந்த கை அது. பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவனும், முன்கட்டில் இலை போடுகிறவனும், மேசை துடைக்கிறவனும் ஒருவனே என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவன் எந்த நாட்டிலிருந்து வந்தவனோ, அவன் ஊரில் இலையில் சாப்பிடும் வழக்கம் உண்டோ இல்லையோ, நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இங்கே அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்காத பாடத்தில் ஒருவன் தவறினால், அந்தத் தவற்றை அவன் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

சின்னம்மாவின் மாலை பாழானது உண்மை. அதற்கு யாரோ பொறுப்பு என்பதும் உண்மை. அந்தப் பொறுப்பு எங்கிருந்து எங்கே வழிந்து வந்து, கடைசியில் அந்த ஊறிய விரல்களில் தேங்கி நின்றது என்பதை விசாரிக்கவே இக்கட்டுரை.

மாமா என்று அழைத்த கடை

1863இல் எழுந்த இந்தியப் பள்ளிவாசலையும், கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் இடத்தையும் ஒட்டி வளர்ந்த இந்த வட்டாரத்தில், துணியும் நகையும் மளிகையும் போலவே சோறும் ஆதி முதல் விற்கப்பட்டு வந்தது. தமிழகக் கரையோரங்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் கடைகளை மலாய்க்காரர்கள் 'மாமாக்' என்று அழைக்கலாயினர். நம்முடைய 'மாமா' என்ற உறவுச் சொல்லே அது. உறவின் பெயரையே ஒரு கடைக்குச் சூட்டும் பாக்கியம் எல்லா வியாபாரத்துக்கும் கிட்டுவதன்று. காலையில் எதிர்ப்படுகிறவரிடம் நலம் விசாரிப்பதற்கு முன் "பசியாறியாச்சா?" என்று கேட்கும் ஒரு சமூகம், தன் பசியை நம்பி ஒப்படைத்த இடம் அது.

இந்த வட்டாரத்திலும் லெபோ அம்பாங்கிலும் தம் இளமையெல்லாம் பரிமாறியே கழித்த ஒரு பெரியவரைப் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டில் கண்டு பேசினேன். ஊரிலிருந்து வந்த புதிதில் மூன்று மாதம் தண்ணீர்க் கூஜாவைத் தவிர வேறொன்றையும் தொட அவரை முதலாளி அனுமதிக்கவில்லையாம். தண்ணீர் ஊற்றுகிறவன் எல்லா மேசைக்கும் போகிறான்; ஆகவே எல்லா இலையையும் பார்க்கக் கற்கிறான் என்பது முதலாளியின் கணக்கு. அதற்குப் பின் இலை போடுதல். பின் உப்பும் ஊறுகாயும். பின் காய்கறி வாளி. ஒரு வருஷம் சென்றபிறகே சோற்றுத் தட்டு. சோறு போடுகிறவன் இலையைப் பார்த்துப் போட வேண்டும், முகத்தைப் பார்த்துப் போடக்கூடாது என்பது அவர் கற்ற முதல் நியமம். முகத்தைப் பார்த்தால் ஆள் தராதரம் தெரியும், இலையைப் பார்த்தால் பசி ஒன்றுதான் தெரியும் என்று அதற்கு அவர் காரணம் சொன்னார். பக்கத்து மேசைக்கு ரசம் கொண்டுபோகும்போது இந்த மேசையின் இலையில் சோறு காய்ந்திருந்தால், கேட்குமுன்னே இரண்டு கரண்டி ஊற்றிவிட்டே நகர வேண்டும். அப்படி நகராத பையனை முதலாளி கூப்பிட்டுத் திட்டுவதில்லை. அன்றிரவு சாப்பிட உட்காரும்போது அவன் இலையில் சோற்றை மட்டும் போட்டுவிட்டு, சற்று நேரம் ரசம் ஊற்றாமல் நிற்பாராம்.

இந்தக் கல்விக்குப் பாடப்புத்தகம் இல்லை. முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்குக் கற்பித்து, ஒரு சங்கிலியாக அது நீண்டு வந்தது. அச்சங்கிலி எங்கே அறுந்தது என்பதுதான் இன்றைய கேள்வி.

▪ பெட்டிச் செய்தி: ஆள் வந்த வழியும் அடைபட்ட வழியும்

2018 ஜனவரி 1: அந்நியத் தொழிலாளர்க்கான லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்காமல் முதலாளியே செலுத்த வேண்டும் என்ற விதி அமலாயிற்று. தீபகற்பத்தில் சேவைத் துறைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி.

2018 ஜூன்: 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரர்களே வேலை செய்ய வேண்டும் என அப்போதைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன் அறிவித்தார். பலத்த எதிர்ப்பு எழவே, அது கட்டாயமாக்கப்படவில்லை.

2020 மார்ச் 18: நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கடையில் அமர்ந்து உண்பது நின்றது.

2023 ஜனவரி 1: வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது.

2023 மார்ச் 18: அந்நியத் தொழிலாளர் ஒதுக்கீட்டுக்கான புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன.

2024 மே 31: முன்பே அனுமதி பெற்ற தொழிலாளர் நாட்டுக்குள் நுழையக் கடைசி நாள்.

2025 பிப்ரவரி 1: குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போர்க்கு ஆகஸ்ட் 1 முதல்.

கற்பிக்க ஆளில்லாத கடை

பெட்டியிலுள்ள விதிகளில் எதையும் நான் பழிக்கவில்லை. உழைப்பவனுக்கு 1,700 வெள்ளி அதிகமென்று சொல்லும் துணிவு, அந்தப் பையனின் விரல்களைப் பார்த்த எவருக்கும் வராது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பும் அவனைப் போன்றோர்க்காகவே எழுதப்பட்டது. ஆனால் இவையெல்லாம் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததன் விளைவை, கடையின் உள்ளே நின்று பார்த்தால்தான் விளங்கும். பெருந்தொற்றின்போது ஊருக்குப் போன பழைய ஆட்கள் பலர் திரும்பவில்லை. அனுமதி முடிந்தவர்கள் போனார்கள்; அவர்கள் இடத்தில் புதியவரைக் கொண்டுவரும் வாசல் சாத்தப்பட்டது. போனவர்களோடு, முதல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றச் சொல்லித் தரும் அறிவும் போயிற்று. எஞ்சியிருப்பவர்கள் காலையில் பரோட்டாக் கல்லிலும், மத்தியானம் சாப்பாட்டிலும், இரவில் பாத்திரத் தொட்டியிலும் மாறி மாறி நிற்கிறார்கள்; அவர்களுக்குக் கற்பிக்க நேரமில்லை, கற்கவும் நேரமில்லை.

உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி ஒவ்வொரு மேடையிலும் எழுகிறது. நான் கேட்ட இளைஞர் இருவர், சம்பளத்தைவிட, மேசையருகே நின்று வசை கேட்கும் அவமானமே தங்களைத் தடுப்பதாகச் சொன்னார்கள். பரிமாறுகிறவனை ஏவலாளாக எண்ணிப் பழகிவிட்ட நாம், நம் பிள்ளை அந்த வேலைக்குப் போக வேண்டாமென்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தின் பலனையும் நாமே நம் இலையில் அனுபவிக்கிறோம்.

இவற்றுக்கு மேல் மஸ்ஜித் இந்தியாவுக்கென்று ஒரு தனித் துயரமும் நேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி காலை, சாலையோர நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி 8 மீட்டர் ஆழப் பள்ளத்தில் விழுந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த அந்த இழப்பின் முன்னே வியாபார நஷ்டத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும், அதன்பின் பல வாரம் இச்சாலையில் கூட்டம் அற்றுப்போனதும், வாடகை மட்டும் நிற்காமல் ஏறி வந்ததும் கடைக்காரர்கள் மறக்க முடியாத அநுபவம். கூட்டம் குறைந்தபோது ஆளைக் குறைத்த கடைகள், பண்டிகைக் கூட்டம் திரும்பியபோது அதே குறைந்த ஆட்களோடு கதவைத் திறந்தன. சின்னம்மா உட்கார்ந்தது அப்படிப்பட்ட ஒரு மேசையில்தான்.

இவ்வளவும் சொன்னபின்னும், முதலாளிமாரிடம் எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. ஆள் இல்லையென்றால் மேசையைக் குறைக்கலாம். பத்து மேசையில் பாதியைச் சாத்திவிட்டு, வந்தவரிடம், "இன்னும் அரை மணி ஆகும்மா, வயதானவங்க இருக்காங்க, வேறு கடை பாருங்க" என்று உள்ளபடி சொல்லலாம். அப்படிச் சொல்லும் கடைக்கு மறுவாரம் நாமே தேடிப் போவோம். ஐம்பது பேருக்கு இடம் கொடுத்து, இருபது பேருக்கு மட்டும் பரிமாற முடிகிற நிலையில், மீதி முப்பது பேரின் பசியைக் காக்கவைப்பது வியாபார நிர்ப்பந்தமாகாது. அது வாக்குத் தவறுதல். மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவரின் பசிக்கு நேரக் கணக்கு உண்டு. ஒரு மணி நேரத் தாமதம் நமக்கு வெறும் எரிச்சல்; அவருக்கு அது மயக்கம்.

அந்தப் பத்து விழுக்காடு யாருடையது?

இவ்வளவுக்கும் பிறகு பில்லின் கடைசி வரிக்கு வருகிறேன். சேவைக் கட்டணத்தை அரசாங்க வரியென்றே நம்மில் பலர் எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அது வரியன்று, கடை தானே விதிப்பது. பெயரிலேயே 'சேவை' இருப்பதால், கொடுக்கிறவர் அது பரிமாறிய கைக்குப் போகிறதென்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்திலும் ஓர் ஆதாரம் உண்டு. ஹோட்டல், மதுக்கூடம், உணவகத் தொழிலாளர் சங்கம் கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கு எதிராக நடத்திய வழக்கில், சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பிக் காட்டலாகாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் தொழிலாளிக்காகக் கொடுக்கும் அப்பணம் முதலாளியின் சொந்தப் பணமாகாது, அவர் அதைத் தொழிலாளர்க்காக வைத்திருப்பவரே என்பதே அத்தீர்ப்பின் சாரம். தோட்டத்தில் கூலிக்காரர் சங்கம் கட்டிய காலத்திலிருந்து நம் மக்கள் அறிந்த ஒரு நியாயம், நாட்டின் உச்ச நீதிபீடத்தில் எழுத்தாயிற்று.

ஆயினும் அந்த வழக்குக்குப் பின்னே ஒரு சங்கமும், ஒரு கூட்டு ஒப்பந்தமும் இருந்தன. ஒப்பந்தமே இல்லாத கடையில், அனுமதிச் சீட்டே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும் ஓர் அந்நியப் பையன், தன் பங்கைக் கேட்கும் வழி எது? அன்று நாங்கள் கொடுத்த பத்து விழுக்காட்டில் ஒரு காசாவது அவனுக்குப் போயிற்றா என்று கல்லாவில் கேட்டேன். அது கடைக் கணக்கில் சேரும் என்று அங்கிருந்தவர் மறுமொழி சொன்னார். குரலில் கள்ளம் இல்லை, அவருக்கு அது இயல்பான ஏற்பாடாகவே தோன்றியது. கிடைக்காத உபசாரத்துக்கு நாங்கள் பணம் கொடுத்தோம். அதைச் செய்ய முயன்று களைத்தவனுக்கு அப்பணம் போகவில்லை. அன்று மாலை நேர்ந்த குறைகளிலெல்லாம் இதுவே என்னை அதிகம் வருத்துகிறது.

▪ பெட்டிச் செய்தி: பில்லில் எது எது?

சேவை வரி: அரசாங்கத்துக்குச் சேர்வது. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே நீடிக்கிறது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் கடைகளே இதை வசூலிக்கப் பதிவு செய்ய வேண்டும்.

சேவைக் கட்டணம்: கடை விதிப்பது, பெரும்பாலும் 10 விழுக்காடு. மஸ்ஜித் இந்தியாவில் இதை வாங்காத கடைகளும் பல உண்டு. உட்காருமுன் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழக்கிட: 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையை நியாயமான சிரத்தையோடும் நியாயமான காலத்திலும் வழங்க வேண்டுமென்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுக்குள் வழக்கிடலாம். வக்கீல் வேண்டியதில்லை.

குறையை யாரிடம் சொல்வது

ரசம் வராததற்கு நடுவர் மன்றம் போக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் குறையைச் சொல்லும் கலையை நம்மவர்கள் இழந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. ஒன்று, மேசையருகே நிற்கும் பையன்மீது சீறுகிறோம்; அல்லது, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பிறகு பத்துப் பேரிடம் அந்தக் கடைக்குப் போகாதே என்கிறோம். முதலாவது, குற்றமில்லாதவனைத் தண்டிக்கிறது. இரண்டாவது, திருத்தக்கூடியவருக்குத் தகவலே சேராமல் செய்கிறது. தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து, 2019இல் மறையும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் பெருந்தொண்டுகளில் ஒன்று, சாதாரண ஜனங்களின் சிறு புகாரையும் ஒரு தாளில் தேதியோடும் விவரத்தோடும் எழுத்தாக்கி, உரியவர் மேசையில் சேர்ப்பித்தது. பேருந்துக்காரரும் பலசரக்குக் கடைக்காரரும் அப்படி எழுதப்பட்ட காகிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

அதை நினைத்துக்கொண்டு, மறுவாரம் ஒரு புதன்கிழமை, கூட்டமில்லாத மூன்று மணிக்கு நான் அந்தக் கடைக்குத் தனியே போனேன். கையில் ஒரு தாள். வந்த நேரம், இலை விழுந்த நேரம், மூன்று முறை ரசம் கேட்டது, பில்லின் எண். முதலாளி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தாளை இரண்டு முறை படித்தார். தம் தகப்பனார் காலத்தில் தாமும் தண்ணீர்க் கூஜா தூக்கியவர்தாம் என்றும், ஆள் போனபின் கல்லாவைவிட்டு நகர முடியவில்லை என்றும் சொன்னார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார், வேண்டாமென்றேன். சேவைக் கட்டணத்தை மட்டும் எடுத்து அந்தப் பையனிடம் கொடுக்கும்படி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, சரியென்றார். பிறகு பின்கட்டை நோக்கிக் குரல் கொடுத்தார். பையன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். முதலாளி ஓர் இலையை எடுத்து, காலியான மேசையொன்றில், நுனி இடப்பக்கம் இருக்கும்படி போட்டுக் காட்டினார். அதை எடுத்துவிட்டு, அவனிடம் கொடுத்தார். அவன் போட்டான். இடம் மாறியிருந்தது. மறுபடி போட்டான்.

சின்னம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அந்தக் கடைக்கு மறுபடி போகலாமா என்றால், பொங்கலுக்குப் பானை வாங்க வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.